நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

கேமராவோடு கோலார் தங்கவயலுக்கு வந்து போனவர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும்,



மாரிகுப்பத்திலிருந்து எழுதுகிறேன். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று வந்து எங்கள் ஊரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ரயிலுக்கு வழியில்லை. ஒரு காலத்தில் இங்கிருந்து கீழே போக வழி இருந்தது, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் அதிகமாக.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் அப்பாவின் நோட்டு ஒன்று உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

அந்த ஒருவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தியேட்டருக்கு வந்து ஓடிய பெரிய படங்களின் ஆட்கள் இல்லை அவர்கள். எடுக்க நினைத்த படம் வெளிவந்ததாகவே தெரியவில்லை. 'கே.ஜி.எஃப்' என்ற மூன்று எழுத்துக்கு நாடு முழுக்க மவுசு வந்திருந்த நேரம். இரண்டு பையன்கள் வந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். செருப்பை வாசலில் விட்டார்கள், டீயை முழுசாகக் குடித்தார்கள், வாய் நிறைய 'ஐயா' என்றார்கள். அப்பாவின் தொப்பி, பழைய கார்பைடு விளக்கு, இந்த நோட்டு மூன்றையும் "ரெஃபரன்ஸுக்கு" என்று வாங்கிப் போனார்கள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். ஒரு அம்மா கன்னடத்தில் சொல்கிறார்.

தொப்பியும் விளக்கும் போனால் போகட்டும். சந்தையில் கிடைக்கும். நோட்டு கிடைக்காது.

அப்பா டிம்பர்மேன். குடைந்த இடத்தில் பாறை இறங்கிவிடாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. நான் லேம்ப் ரூமில் இருந்தேன். கீழே போகிறவர் டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்குவார், மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்குவார். ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடும்வரை அந்தப் பலகையைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே திரும்பி வராத சாமானைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பதற்றம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு 200 பக்கம், நீள சைஸ். காக்கி அட்டை. முதுகு கிழிந்தபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். உள்ளே பாட்டுகள். கேட் மீட்டிங்கிலும் தொழிற்சங்கத்து மேடையிலும் பாடியவை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் 'மெட்டு' என்று போட்டு ஒரு சினிமாப் பாட்டின் முதல் வார்த்தை இருக்கும். அதன் கீழே நீல மையில் அவருடைய வார்த்தைகள். சங்கத்துக்குத் தனியாக மெட்டுப் போட்டுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ரேடியோவில் கேட்டதுதான் ராகம். ஜனத்துக்கும் மெட்டு முன்பே தெரியும் என்பதால் இரண்டாவது அடியிலேயே கூடப் பாட ஆரம்பித்துவிடுவார்கள்.

வந்த பையன்களில் மூத்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை: "ஐயா, இதுல நிறைய காமெடியா இருக்கே. வலி இருக்கிற மாதிரி பாட்டு இல்லையா?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

ஆமாம் தம்பி, முக்கால்வாசி கேலிதான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதும் சுரங்க வேலைதானே, எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஓவர்டைம் கொடு என்று ஒரு பாட்டு. சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறும்போது தலை எண்ணத் தெரிந்த மேஸ்திரிக்குச் சம்பளத்தன்று மட்டும் கணக்கு மறந்துபோவது பற்றி ஒரு பாட்டு. அதை மேஸ்திரியே ரசித்ததாக அப்பா சொல்வார், நான் நம்பவில்லை. நாள் முழுக்க, தொட்டால் சுடுகிற பாறைக்கு நடுவே கோவணத்தோடு வியர்த்துவிட்டு மேலே வருகிறவனுக்கு அவன் வலியையே எடுத்துப் பாட ஒரு ஆள் எதற்கு? அவனுக்குச் சிரிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மேலதிகாரியின் வேட்டியை உருவ வேண்டும், அவ்வளவுதான். வலி வேண்டியது உங்களுக்கு.

இனி, வந்து ஓடிய படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பொறாமை என்று நினைத்தாலும் சரி.

2018 டிசம்பரில் முதல் பாகம், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். என் பேரன் இரண்டையும் எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் குவிந்த எங்கள் சயனைடு மேட்டில்தான் செட் போட்டார்கள். ஊரில் சிலருக்குக் கூலி கிடைத்தது, அதை மறைக்கவில்லை. கதை கற்பனை என்பதும் தெரியும். அந்தக் கற்பனையில் 1951-ல்தான் தங்கம் அகப்படுகிறது. ஜனங்கள் எல்லாம் அடிமை. கரி பூசிய முகத்தோடு வாய் திறக்காமல் நிற்கிறார்கள். பம்பாயிலிருந்து ஒருத்தன் வந்தால்தான் விமோசனம்.

நிஜத்தில் 1951-ல் எங்கள் சுரங்கத்துக்கு எழுபது வயது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரத்தைக் கம்பியில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிவதற்கு முன்பே. நீங்கள் அடிமை என்று காட்டுகிற அந்தக் காலத்தில்தான், 1952-ல், எங்கள் தாத்தாவும் பாட்டியும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். கம்யூனிஸ்டு, குடியரசுக் கட்சிக்காரர், அ.தி.மு.க.காரர் என்று கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இந்த ஊர் அனுப்பாத ஆள் இல்லை. ஒரு தேர்தல் என்றால் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் மூன்று மாசத்துக்குத் தூங்க முடியாது. அவ்வளவு பேச்சு.

(போகிற போக்கில் ஒன்று: எங்கள் மேடு கறுப்பு இல்லை. வெளிறிய நிறம், முகப்பவுடர் மாதிரி பொடி. காற்றுக் காலத்தில் பறந்து வந்து துவைத்துப் போட்ட துணியில் படியும், சோற்றில் படியும். நீங்கள்தான் அதைக் கறுப்பாக்கினீர்கள்.)

2024 ஆகஸ்டில் வந்த 'தங்கலான்' வேறு ரகம். பா. ரஞ்சித் வட ஆற்காட்டிலிருந்து கிளம்பியவர்களைக் காட்டினார், புத்தர் சிலையைக் காட்டினார். எங்கள் லைன் வீடுகளில் அன்று நாலு கிழவர்கள் அழுதார்கள், நானும் ஒருத்தன். ஆனால் அந்தக் கதை சுரங்கம் தோண்டும் இடத்தில் இருக்கிறது. என் வழக்கு தோண்டிய பிறகு நடந்ததைப் பற்றியது. தோண்டியவன் சும்மா தோண்டிக்கொண்டிருக்கவில்லை. பேசினான், எழுதினான், அச்சடித்தான்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் 'தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்கு உயிர் கொடுத்த ஊர்களில் மாரிகுப்பம் ஒன்று. அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இங்கே இருந்தது, எம்.ஒய். முருகேசர் அதை நடத்தினார். இன்ன கிழமை இன்னார் பேசினார், இத்தனை பேர் வந்தார்கள் என்று இங்கிருந்து போன சேதிகள் அந்தப் பத்திரிகையில் வந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, 1920-களில் 'தமிழன்' மறுபடி உயிர்பெற்றது இந்த மண்ணிலிருந்துதான், ஜி. அப்பாதுரையார் கையால். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை இங்கே அச்சுப்போட்டு விற்றது. யோசித்துப் பாருங்கள். பூமிக்குக் கீழே மண்ணள்ளுகிறவன், மேலே வந்து குளித்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போகிறான். நாம் யார், எங்கிருந்து விழுந்தோம் என்று சாதியின் கதையைப் பிரித்துப் படிக்கிறான். அவனிடம் வசனம் இல்லையா? பெரியார் இங்கே வந்து பேசினார். 1954-ல் அம்பேத்கர் வந்தார். பேச்சுக் கேட்கத் தெரிந்த ஊருக்குத்தான் பேசத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

உங்களுக்குக் கதாநாயகன் இல்லாமல் கதை நகராது என்பது புரிகிறது. அதனால்தான் 1930-ஐ யாரும் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு கம்பெனி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. வேலையில் இருக்கும் ஒவ்வொருத்தனும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். தங்கம் திருடுகிறார்கள் என்று எங்கள்மேல் எப்போதும் சந்தேகம். அதற்கென்று தனிச் சட்டமே இருந்தது. மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், என்றால் அங்கே இன்றும் 1920 ஏப்ரல் 3-ம் பெருங்காமநல்லூரும் துப்பாக்கிச் சூடும்தான் ஞாபகம் வரும். ரேகை என்றால் கைதி. பத்து வருஷம் கழித்து அதே விரலை எங்கள் ஆட்களிடம் கேட்டார்கள். சுரங்கம் நின்றது. 21 நாள் நின்றது. மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததே 1940-களில்தான். ஆக அன்றைக்குச் சங்கம் இல்லை, கொடி இல்லை, சுவரொட்டியில் போட ஒரு தலைவரின் முகம் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே வார்த்தையில் நின்றார்கள்.

எப்படி? தாத்தா ஒரு கதை சொல்வார். அப்படியே நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்தி நேரத்தில் தட்டி வீடுகளுக்கு நடுவே சாவுக்கு அடிக்கிற அடியில் ஒருத்தர் பறையை அடித்துக்கொண்டு போனாராம். யார் செத்தது, யார் செத்தது என்று வீட்டுக்கு வீடு வெளியே வந்திருக்கிறார்கள். அவர் பதிலே சொல்லாமல் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டாராம். ரேகை வைத்தால் இது செத்தது என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸுக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

இந்தக் காட்சியை எடுக்க எத்தனை கோடி ஆகும்? ஒரு பறை, ஒரு விரல்.

பிறகு சங்கங்கள் வந்தன. கே.எஸ். வாசனும் வி.எம். கோவிந்தனும் செங்கொடியோடு வந்தார்கள். 1946-ல் நெடுநாள் வேலைநிறுத்தம், அந்த நவம்பரில் துப்பாக்கிச் சூடு, சாவு. சி.எம். ஆறுமுகம் அம்பேத்கர் இயக்கத்து நீலக்கொடியோடு எழுந்தார். செங்கொடிக்கும் நீலக்கொடிக்கும் நடந்த வாய்ச்சண்டையைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம், அம்மா இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் களி கிண்டுவாள். அப்பா சிவப்பு. ஆனால் இரண்டு மேடையிலும் பாடியிருக்கிறார், ஹார்மோனியப் பெட்டி நீலக்காரரிடம் இருந்ததால்.

வலிப் பாட்டு கேட்டீர்கள் அல்லவா? நோட்டின் கடைசிக் கால்வாசியில் அது இருக்கிறது. அந்தப் பையன் அதுவரை புரட்டவில்லை.

ஆழம் போகப் போகப் பாறை தாங்காது. திடீரென்று வெடிக்கும். பெரியவர்கள் அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் அடுக்கில் இருக்கும் எவர்சில்வர் தட்டு ஒன்றோடொன்று உரசி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் எட்டு வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடியிருக்கிறேன். அன்று வராதவர் என் பெரியப்பா.

பெரியம்மா பாடிய ஒப்பாரியை அப்பா மூன்றாம் நாள் அவளை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒப்பாரி என்றால் தலைவிரித்துக் கதறுவது என்று சினிமாவில் காட்டுகிறீர்கள். பெரியம்மா அதில் கணக்கு வைத்திருந்தாள். அவர் டிக்கெட் நம்பர், எந்த ஷாஃப்ட், எத்தனாவது லெவல், எந்தச் சார்ஜ்மேன் அனுப்பியது, முந்தின ஷிஃப்ட்டிலேயே பாறை 'பேசுகிறது' என்று அவர் சொன்னது, அதற்கு அந்த சார்ஜ்மேன் சொன்ன பதில், கூட்டுறவுச் சங்கத்தில் மிச்சமிருந்த கடன். எல்லாம் ராகத்தில், ஒன்றுவிடாமல். லெவல், ஷிஃப்ட், கேஜ் என்ற இங்கிலீஷ் வார்த்தைகளெல்லாம் தமிழ் ஒப்பாரிக்குள் இடிக்காமல் போய் உட்கார்ந்திருக்கும். பாறை பேசும் என்பது எங்கள் பாஷை. வெடிப்பதற்கு முன் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கும், கேட்கத் தெரிந்தவன் பிழைப்பான். நஷ்டஈட்டுக்காக வந்த குமாஸ்தாவிடம் அவள் தனியாக எதுவும் சொல்லவில்லை. அதே ஒப்பாரியை மறுபடி பாடினாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

இப்படிப் பதினோரு ஒப்பாரி அந்த நோட்டில் இருக்கிறது. பாடிய பெண்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. வேறு பிரதியும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம்.

உலகத்தில் மற்ற சுரங்கக்காரர்களுக்கும் வாய் உண்டு. ஆனால் அதற்கு மதிப்பும் இருக்கிறது. இங்கிலாந்தில் டர்ஹம் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் 1871-ல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் விழா இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு சுரங்கத்தின் பெயர் எழுதிய பதாகையும் பேண்டுமாக ஊர்வலம் போகிறார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளிகள் ரப்பர் பூட்ஸைத் தட்டித் தட்டியே ஒரு ஆட்டத்தை உண்டாக்கினார்கள். இன்று அது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற கலை. எங்களுக்குக் கிடைத்தது பின்னணி இசை. கானா பாடுகிறவனும் சாவுக்குப் பறை அடிக்கிறவனும் எங்கள் தெருவில் இன்றும் உண்டு. ஷூட்டிங் அன்று அவனைக் கூட்டத்தில் நிற்கவைத்துப் பேட்டா கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அவன் தோளில் தொங்குவது என்ன என்று கேட்பதில்லை.

நீங்கள் மட்டும் என்று குற்றம் சொல்லவில்லை. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பான்காரர்களோடும் இங்கிலாந்துக்காரர்களோடும் சேர்ந்து எங்கள் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, எதிலும் ஒட்டாத துகள். அதைப் பதிவு செய்ய அவ்வளவு பொறுமை இருந்தது. அவர்களுடைய பெட்டிகளைக் கேஜில் இறக்கினவன் பாடிக்கொண்டேதான் இறக்கினான். 2024-ல் கர்நாடக அமைச்சரவை எங்கள் ஊர் மண்மேடுகள் 13-ல் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நூற்றிருபது வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் எடுத்தது போக, குப்பையில் எத்தனை கிராம் என்றுகூடக் கணக்கு இருக்கிறது. பாட்டுக்குக் கணக்கு எழுதினவர் எங்கள் அப்பா ஒருவர்தான் என்று சொன்னால் மிகை. இந்த லைன்களில் இன்னும் பல டிரங்குப் பெட்டிகளில் இப்படி நோட்டுகள் கிடக்கும். கரையான் முந்திக்கொள்ளுமா நீங்கள் முந்திக்கொள்வீர்களா என்பதுதான் என் பயம். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை, இருக்கட்டும்.

வருவதாக இருந்தால் வாருங்கள். டீ கிடைக்கும். நோட்டுகளை வீட்டிலேயே உட்கார்ந்து படியுங்கள், போன் கேமராவில் பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அசலை எடுத்துப் போகாதீர்கள். பாட்டை எடுத்தால் எழுதினவர் பெயரைப் போடுங்கள். பறைக்காரனை நிற்கவைத்தால் அடிக்கவும் விடுங்கள். எங்கள் ஆட்கள் பேசுகிற தமிழில் இங்கிலீஷும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கிடக்கும், அதைச் சென்னைத் தமிழாக்காதீர்கள்.

நோட்டை வைத்திருக்கும் தம்பிக்குத் தனியாக ஒன்று. சுரங்கம் மூடின வாரத்தில் அப்பா ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார். சிவப்பு மையில் மெட்டு மட்டும் எழுதியிருக்கும். கீழே பக்கம் காலி. எந்தப் பாட்டின் மெட்டு என்று இங்கே எழுதமாட்டேன்; நோட்டு உன்னிடம் இருந்தால் உனக்கே தெரியும். யாராவது போன் பண்ணி அந்த முதல் வார்த்தையைச் சொன்னால், நோட்டு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. காலையில் எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தொங்கிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் அதே கூட்டம் திரும்பும். அந்தச் சாயங்கால வண்டியிலேயே வா. நெரிசல்தான், ஆனால் பங்காருப்பேட்டை தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். மாரிகுப்பத்தில் இறங்கி, லேம்ப் ரூம்காரர் வீடு எது என்று கேள்.

இப்படிக்கு,
டோக்கன் பலகையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன்